ஊஞ்சலில் போட்ட ஆறாயிரம் அடிகள்

சாராயத்தால் கெட்டுப்போன என் ஈரலுக்குப் பதிலாகத் தன்னுடையதில் பாதியை அறுத்துத் தருகிறேன் என்று முன்வந்தவள் என் தங்கை லுயென்.

"ஆபரேஷனைத் தாங்க உடம்புல தெம்பு வேணும், ஐயா. தினம் ஆறாயிரம் அடி நடங்க. மூணு மாசம் கழிச்சு நடக்கவிட்டுப் பாக்கறேன்," என்றார் சைகோன் நகரத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அடிகளை எண்ணக் கைபேசியில் ஏதோ போட்டும் கொடுத்தார். லுயென் ஈரலிலும் கொழுப்பு இருந்ததால், அவளும் நடந்து ஆறு கிலோ குறைய வேண்டியிருந்தது.

நான் நாலு நாள் நடந்தேன். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, எரிச்சலாக வந்தது. ஐந்தாம் நாள் வாசலில் வலை ஊஞ்சலில் படுத்துக் காலால் உந்திக்கொண்டிருந்தேன். மடியில் கிடந்த கைபேசி அடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. அட சனியனே, இது தெரியாமலா இத்தனை பாடு! அன்றிலிருந்து அதை ஊஞ்சல் கயிற்றில் கட்டி ஆட்டினேன். சாயங்காலமானால் அந்த எண்ணைப் படம் பிடித்து லுயெனுக்கு அனுப்பிவிடுவேன்.

உடனே கூப்பிடுவாள். "இன்னிக்கும் ஆறாயிரத்தத் தாண்டிட்டியா! பலே ஆளுதான்ணே நீ. மீன் கம்பெனில பத்து மணி நேரம் நின்னுட்டு ஆத்தங்கரைல நடந்தா எனக்கு நாக்கு தள்ளுது. நீ நடக்கறியேன்னுதான் நானும் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாளையிலிருந்து நடந்துவிடலாம் என்று தினமும் நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரி நடைபாதையில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். இரண்டாவது நிமிஷம் சுவரைப் பிடித்தேன். மூன்றாவதில் உட்கார்ந்தே விட்டேன்.

"இந்த உடம்பு தாங்காது. தேதியை ரத்து பண்றேன்," என்றார் டாக்டரம்மா.

லுயென் பாய்ந்தாள். ஏழு கிலோ குறைந்து கன்னம் ஒட்டிப்போயிருந்தது அவளுக்கு.

"என்னம்மா பேசறீங்க? எங்கண்ணன் ஒரு நாள் விடாம நடந்துச்சு. இந்தா, எல்லாம் இருக்கு பாருங்க! உங்க தரைதான் வழுக்குது, வேற எடத்துல விட்டுப் பாருங்க!"

ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டிக்கொண்டே போனாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"போதும் லுயென். நான் நடக்கல. ஊஞ்சல்ல கட்டி ஆட்டினேன்."

அவள் விரல் நின்றது. நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அப்ப நான் மட்டும்தான் நடந்தேனாண்ணே?" என்று கேட்டாள்.