காத்திருந்தவள் வளைவு

அக்கா புருஷன் வாயால் பிழைக்கிறவர். பூங்கா அலுவலகம் கொடுத்த அட்டையில் வழிகாட்டி என்று இருக்கும். ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது வேலை. அதை இரண்டு கால்களும் பார்த்துக்கொள்ளும். அவர் கதை சொல்லிக்கொண்டே போவார்.

நான் அந்தப் பாதைகளைப் பராமரிக்கிறவன். சரிந்த மண்ணை வாருவேன், உளுத்த படிக்கட்டைகளை மாற்றுவேன், வழிக்குறிகளுக்கு மஞ்சள் பூசுவேன். பார்சல் கிடங்கில் ராத்திரி ஷிஃப்டை விட்டுவிட்டு வந்த எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது அத்தான்தான். படுக்கையும் அவர் வீட்டுப் பின்னறையில். துணிக்கொடி என் கட்டிலுக்கு மேலே போகிறது. அவருடைய ஈரக் காலுறை என் மார்பில் சொட்டும். தான் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலையும் போகும், கட்டிலும் போகும் என்பதைச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவார்.

மலைமேல் ஓரிடத்தில் பாதை வெறும் பாறையாகிவிடும். தடம் பதியாது. வலப்பக்கம் போனால் விளிம்பு, அதற்குக் கீழே காற்றுதான். இடப்பக்கம் இறங்கினால் மண்பாதை தொடங்கும், அது நேராகப் பூங்கா வாசல்வரை கொண்டுவிடும். எது எந்தப் பக்கம் என்று காட்ட ஒரே ஒரு கற்குவியல். நாங்கள் அடுக்கி மஞ்சள் பூசியது.

காத்திருந்தவள் வளைவு என்கிற அந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. விறகுக்குப் போன கணவன் மூடுபனியில் தொலைந்தான். மனைவி தினமும் தேடிவந்து, தேடிய இடத்தில் ஒரு கல் வைத்தாள். அங்கே கல் அடுக்கி வேண்டினால் பிரிந்துபோனவர்கள் திரும்பி வருவார்கள். இது அத்தானின் கதை. அவருக்கு முன்னால் மலையில் புழங்கியது வேறு. குடித்துவிட்டு அடிக்கிற கணவன். அவன் வரும் வழியில் இருந்த குறிக்கற்களை மனைவி விளிம்புப் பக்கமாக நகர்த்தி வைத்தாள். அவன் கற்களை நம்பி நடந்தான். அவ்வளவுதான். அதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அத்தான் அதைக் கழுவித் துடைத்துக் காதல் கதையாக்கிவிட்டார். இப்போது பாறை முழுக்க வேண்டுதல் கற்கள், விளிம்புவரை. போன வாரம் மூடுபனியில் ஒரு டீச்சர் அந்தக் கற்களைக் குறியென்று நினைத்து நடந்து விழுந்தார். ஒரு புதர் தாங்கியது. இடுப்பெலும்பு போனது. பனிக்காலம் ஆரம்பித்துவிட்டது, மஞ்சள் குவியலைத் தவிர எல்லாவற்றையும் கலைத்துவிடு என்று பூங்கா மேலாளர் என்னிடம் சொன்னார்.

காலையில் அடுக்களையிலேயே ஆரம்பித்தது.

"ஒரு கல்லைத் தொட்டேன்னு கேள்விப்பட்டா கையை ஒடிச்சுடுவேன்" என்றார் அத்தான்.

"மேலாளர் சொல்லியிருக்கார்."

"மேலாளரா உனக்குச் சாப்பாடு போடுறான்? டேய், ஜனங்க கல்லு வைக்கத்தான் என்கூட வர்றாங்க. மரம் பார்க்கவா வர்றாங்க? மரம் அவங்கவங்க தெருவுலயே இருக்கு."

"அந்த டீச்சர் படுத்த படுக்கையா இருக்காங்க, அத்தான்."

"கண்ணைத் தொறந்து நடக்கணும்."

அக்கா கரண்டியை மேடையில் தட்டினாள். "ரெண்டு பேரும் வெளியில போய்க் குரைங்க. இங்க பால் பொங்குது."

நான் போனேன். விளிம்பிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு அடுக்காகத் தள்ளி, கற்களைப் பாறை இடுக்கில் போட்டேன். பாதிகூட முடியவில்லை, அத்தானின் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் தொப்பிக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் வந்த சிவப்புச் சால்வை அம்மாள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஐயோ, பாவி! அது நான் போன தடவை வச்சது. எங்க வீட்டுக்காரர் திரும்பி வரணும்னு வச்சது!"

"வந்தாரா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் என்ன?" என்று அடுத்த அடுக்கைத் தள்ளினேன்.

அத்தான் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மன்னிச்சுக்குங்க. இவன் என் மச்சினன். ராத்திரி முழிச்சு முழிச்சு மூளை காய்ஞ்சுபோச்சு. எந்த வேலையிலயும் நிக்கமாட்டான். திருப்பி அடிக்காத கல்லுகிட்ட மட்டும் வீரம் காட்டுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பழைய கதையைச் சொன்னேன். அடித்தவன், நகர்ந்த கற்கள், விழுந்தவன், எல்லாவற்றையும். அத்தானின் முகம் கறுத்தது.

தொப்பிக்காரர்தான் வாயைத் திறந்தார். "அட, இது இன்னும் ஜோரா இருக்கே! அப்ப கல்லை எந்தப் பக்கம் வைக்கணும்?"

எனக்குக் கண் மண் தெரியவில்லை. பக்கத்தில் இடுப்பளவு நின்ற பெரிய அடுக்கை ஓங்கி உதைத்தேன். அது சரிந்தது. அடியிலிருந்து உருண்ட கற்களில் மஞ்சள். எங்கள் குறிமேல்தான் ஜனங்கள் அடுக்கி மூடியிருந்தார்கள். மூடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உதைக்கும்போது அந்த நினைப்பே இல்லை.

கல்லெல்லாம் சரிவில் போய்விட்டது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனியும் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் என் முழங்கை எனக்குத் தெரியவில்லை. முகம் பாறையில் படுமளவு குனிந்து தேடினேன். பெயிண்ட் அடித்தபோது வழிந்த மஞ்சள் கறை பாறையில் ஒட்டியிருந்தது. அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டேன். நகர்ந்தால் அதை மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

"யாரும் பயப்படாதீங்க, என் பின்னால வாங்க" என்று அத்தான் கத்தினார். குரல் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான், நில்லுங்க! அது விளிம்பு!"

"வழியை எனக்குச் சொல்லித் தர்றியா?"

"நீங்க தினமும் அந்தப் பெரிய அடுக்கைப் பார்த்துத்தான் திரும்புறீங்க. அது இப்ப இல்ல. நான் உதைச்சுட்டேன்."

காலடி நின்றது. கெட்ட வார்த்தை ஒன்று பனிக்குள்ளிருந்து வந்தது. அதன்பின் அவர் அசையவில்லை.

சால்வை அம்மாளின் குரல் அவரையும் தாண்டிக் கேட்டது. கலைந்த தன் கற்களைப் பொறுக்க விளிம்புக்கே போயிருக்கிறார்.

"அம்மா, உட்காருங்க. உட்கார்ந்தே என் சத்தம் வர்ற பக்கம் நகர்ந்து வாங்க."

"உன் பேச்சைக் கேட்டு நான் வரணுமா? வாய் அழுகிப்போகும்டா உனக்கு."

"திட்டுங்க. திட்டிக்கிட்டே வாங்க. நிறுத்தாதீங்க."

அவர் நிறுத்தவே இல்லை. என்னை, என்னைப் பெற்றவளை, எனக்கு வரப்போகிறவளை, எல்லோரையும் இழுத்தார். நானும் விடாமல் கத்தினேன். கடைசியில் ஒரு கை என் கணுக்காலைப் பிடித்தது. எழுப்பி, தோளைத் திருப்பி, இடப்பக்கம் இறக்கிவிட்டேன். ஒரு நன்றிகூட இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக என் குரலுக்கு வந்தார்கள், என் கையைத் தொட்டுக்கொண்டு இறங்கினார்கள். தொப்பிக்காரர் தொப்பியை எங்கோ விட்டிருந்தார்.

அத்தான் கடைசியாக வந்தார். என் சட்டைக் காலரைப் பிடித்தார். பிடிப்புக்குப் பிடித்தாரா, அடிக்கப் பிடித்தாரா, தெரியவில்லை.

"வேலையை மறந்துடு. சாயங்காலம் உன் மூட்டை வாசல்ல இருக்கும்."

"இருக்கட்டும். இடது காலை முதல்ல வைங்க. வழுக்கும்."

வைத்தார். காறித் துப்பிவிட்டு இறங்கினார்.

என் கை எட்டும் தூரத்தில் அடுக்க ஒரு கல்கூட இல்லை. மேலே வேறொரு கூட்டம் சிரித்துக்கொண்டு வருவது கேட்டது.

"அங்கேயே நில்லுங்க! சத்தம் வர்ற பக்கம் மட்டும் வாங்க!" என்று கத்தினேன்.

"யாருய்யா அது, ஆளா பேயா?"

"எதுவா இருந்தா உனக்கென்ன, வாய்யா."