வெள்ளையில் போட்ட வெள்ளைக்கோடு

கஜேந்தினிக்கு ரோல்ஸ் மேசையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வெஸ்ட்லிக் குடியிருப்பின் மாடிக்கட்டடங்களுக்கு நடுவிலுள்ள திடலில் குடியிருப்புச் சங்கம் வருடாவருடம் பனிநாள் கொண்டாடும். மற்றவர்கள் எல்லாரும் சறுக்குவார்கள், உருளுவார்கள். தமிழர்? மேசைக்குப் பின்னால் நின்று பொரித்த ரோல்ஸ் விற்பார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், இன்னும் 'ரோல்ஸ் பெண்'தானாம். என்ன அநியாயம்!

இந்த முறை சண்டை பிடித்து அரை மணி நேரம் வாங்கிவிட்டாள், தமிழரின் ஓடிப்பிடிக்கும் விளையாட்டான கிளித்தட்டுக்கு. "சனம் சேர்ந்து விளையாடினால் ஒவ்வொரு வருடமும் போடுவேன். இல்லாவிட்டால் பழையபடி ரோல்ஸ்தான்" என்று சங்கத் தலைவர் மார்க்கஸ் சொல்லிவிட்டார்.

கோடு போடும் வேலையைக் கணவன் ரிஷிகேசனிடம் விட்டாள். அங்கேதான் பிழையாகிவிட்டது. விளையாட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால் திடல் துடைத்துவிட்டதுபோலக் கிடக்கிறது.

"கோடு எங்கையப்பா?"

"போட்டாச்சு. உம்மடை காலுக்குக் கீழைதான்."

குனிந்து பார்த்தாள். வெள்ளைப் பனியில் வெள்ளைச் சுண்ணாம்பு!

"விசரே உங்களுக்கு?"

"ட்வெய்ட்டாத் திடலிலை போன முறை வடிவாத் தெரிஞ்சதே!"

"அது கோடை! கீழை புல்லு இருந்தது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மார்க்கஸ் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நாலாம் மாடியில் இருக்கும் யோசெப்பின் என்ற பெண் பனிச்சறுக்குக் கட்டைகளோடு அங்கே நின்றாள். "கோடு எங்கே வேண்டும்? நீ முன்னால் நட" என்றாள். கஜேந்தினி நடந்தாள், பின்னாலேயே யோசெப்பின் சறுக்கினாள். சுற்றுக்கோடு, நடுக்கோடு, குறுக்குக்கோடுகள் எல்லாம் பனியில் அழுந்தி நீலநிழலோடு பளிச்சென்று விழுந்தன. சுண்ணாம்பாவது மண்ணாவது!

மறிப்பவர்கள் குறுக்குக்கோட்டிலேயே நிற்கவேண்டும். மற்றவர்கள் அவர்கள் கையில் படாமல் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்து 'பழம்' என்று கத்தவேண்டும். மறிப்பவர்களில் 'கிளி' எனப்படும் ஒருவர் மட்டும் சுற்றுக்கோட்டிலும் நடுக்கோட்டிலும் ஓடி ஓடி ஆட்களைத் தொட்டு அடிக்கலாம். இந்த ஆட்டத்தில் விளையாடும் நேரத்தைவிடக் கால் கோட்டில் நின்றதா இல்லையா என்று வாய்த்தர்க்கப்படும் நேரம்தான் கூட. இங்கே அந்தக் கதையே இல்லை. கோட்டை விட்டு இறங்கினால் கால் பொதுக்கென்று புதைந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டைகளைக் கழற்றாமலே யோசெப்பின் கிளியாக இறங்கினாள். சர்ரென்று வந்து சர்ரென்று அடித்தாள்.

"கட்டையோடை கிளியே? இது ஆட்டமில்லை!" என்று ரிஷிகேசன் கத்தினான்.

"கோடு போடத் தெரியாத ஆள் சட்டம் கதைக்கப்படாது!" என்றாள் கஜேந்தினி.

அதற்குப் பிறகு யாரைப் பிடித்து நிறுத்துவது? சனம் முண்டியடித்து இறங்கியது. மார்க்கஸ் மணிக்கூட்டை மறந்தார். மூன்று முறை விழுந்து, தொப்பியைத் தொலைத்து, கடைசியில் "பழம்!" என்று கட்டடமெல்லாம் கேட்கக் கத்தினார். அரை மணி நேரம் எப்போதோ போய்விட்டது.

பசியோடு ரோல்ஸ் மேசைக்குப் போனார். அங்கே ஒருவரும் இல்லை.

"கஜேந்தினி, இங்கே யார் விற்பது?"

அவள் குறுக்குக்கோட்டில் மூச்சிரைக்க நின்றாள். நகர முடியாது, நகர்ந்தால் ஆள் தப்பிவிடும்.

"இன்றைக்கு நீங்கள்தான்!"

மார்க்கஸ் மேசையைப் பார்த்தார், திடலைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றார். "சரி, அடுத்த வருடத்திலிருந்து இந்த மேசையில் எல்லாரும் முறை வைத்து நிற்போம்" என்றார்.

கஜேந்தினிக்குக் கண் நிரம்பிவிட்டது. குளிர் என்று அவள் சாட்டுச் சொல்லவில்லை.