மூன்றாவது காலும் புது மவுஸும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் யோசித்த கதை இல்லை. காந்தி ரோட்டில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஃபைசலின் புலம்பல். பிரிண்டருக்கு மை நிரப்பப் போனவனிடம், மையை நிரப்பிக்கொண்டே அவன் கொட்டித் தீர்த்தான்.

"ரெண்டே ரெண்டு விஷயம் சார். மவுஸ கம்ப்யூட்டர் எடுக்கலன்னு நஸ்னீன் ஆபா* போன் பண்ணாங்க. ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னேன். மாட்டேன்னுட்டாங்க. கலியாணசுந்தரம் மாமா கூட இருந்தாரு. மவுஸ எடுத்துக்கினு கடைக்கு வாங்க, வேற தரேன்னேன். அவரும் மாட்டேன்னுட்டாரு. ஒரே ரூம்ல உக்காந்துக்கினு என் உயிர வாங்கிட்டாங்க. அப்பறம் அவங்களே போன் பண்ணி, 'சரியாயிடுச்சு, வச்சிடு'ன்றாங்க. எப்படிச் சரியாச்சுன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல."

* உருதுவில் அக்கா.

என் கையில் இருப்பது இவ்வளவுதான்: காரணம் தெரியாத இரண்டு 'மாட்டேன்'. மிச்சமெல்லாம் நான் இட்டுக் கட்டியது. பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

காஞ்சிபுரத்தின் சித்திரை வெயிலில் கோபுரங்கள் –

[அடித்தாயிற்று. வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

தறிகளின் ஓசை தெருவெங்கும் மிதந்துவர –

[அடித்தாயிற்று. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் மிதந்து வருவது மிக்ஸி சத்தம்.]

நஸ்னீனின் மவுஸ் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இடது பக்கம் மட்டும் செத்துப்போனது.

இது இருக்கட்டும். ஒரு சாவாவது இருக்கிறது.

நஸ்னீனுக்கு முப்பத்து நான்கு வயது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து பட்டுச் சேலைகளுக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறாள். அவள் கட்டம் கட்டமாக நிரப்பித் தருவதைத்தான் ஐயம்பேட்டை வேலாயுதம் அட்டையில் ஓட்டை ஓட்டையாக அடிப்பார். அந்த அட்டையைத் தறியின் மேலே மாட்டினால், அது சொல்கிறபடி இழைகள் ஏறி இறங்கும். அவள் ஒரு கட்டம் தப்பாக வைத்தால் சேலை முழுக்க அந்தத் தப்பு விசுவாசமாக வந்துகொண்டே இருக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளை நம்பி முதல் டிசைன் வேலையைக் கொடுத்தவர் நெசவாளர் கலியாணசுந்தரம். அவர் தறிக்குத்தான் இன்றைய வேலையும். ஒரு கல்யாணச் சேலை, பார்டரில் மயில் வரிசை. வேலாயுதம் குடும்பத்தோடு இராமேஸ்வரம் கிளம்புகிறார். மூன்று மணிக்குள் டிசைன் வந்தால் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். இல்லையென்றால் பத்து நாள் தறி சும்மா நிற்கும், கல்யாணம் நிற்காது.

"முடிஞ்சுது மாமா" என்று பத்து மணிக்கே அவரிடம் போனில் சொல்லிவிட்டாள் நஸ்னீன். பத்தே முக்காலுக்கு, சும்மா ஒரு தடவை பார்ப்போமே என்று பார்த்தபோது, மயிலுக்கு மூன்று கால் இருந்தது.

3

எப்படி வந்தது மூன்றாவது கால்? முதல் நாள் ஒரு காலைச் சற்று முன்னால் நகர்த்தியிருந்தாள். நகர்ந்த கால் புது இடத்தில் நின்றது. பழைய காலும் கிளம்பாமல் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அழிக்க ஒரு நிமிஷம் போதும். அழிக்கப் போன அந்த நிமிஷத்தில்தான் மவுஸ் உயிரை விட்டது. அம்புக்குறி ஓடுகிறது, கிளிக் ஆகவில்லை. மூன்றாவது காலின் மேலேயே போய் நிற்கிறது, அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறது.

(கம்ப்யூட்டர் தெரிந்த வாசகர் இப்போது கையைத் தூக்குவார்: கீபோர்டிலேயே அம்புக்குறியை ஓட்டி அழிக்கலாமே? அதற்கு வேண்டிய வலது பக்க எண்கள் ரம்ஜான் சமயத்தில் ஒரு தம்ளர் டீ குடித்துவிட்டுப் படுத்தவை. கையை இறக்குங்கள்.)

"மவுஸு போயிடுச்சு மாமா" என்று மட்டும் போனில் சொன்னாள். "நான் டவுன்லதாம்மா இருக்கிறேன், வாங்கிக்கினு வரேன்" என்றார் அவர். மயிலைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

இங்கே எனக்கே ஒரு சந்தேகம். நஸ்னீன் இப்படி மறைக்கிறவளா? நான் பார்த்தவரை படபடவென்று பேசுகிறவள், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அதனால் அவளுக்கு ஒரு காரணம் கொடுத்தேன். போன மாதம் வேறொரு டிசைனர் வரைந்த அன்னத்துக்கு அலகே இல்லை. அதைச் சொல்லி இதே கலியாணசுந்தரத்திடம் விழுந்து விழுந்து சிரித்தவள் இவள்தான். "கண்ணு எங்க வச்சிக்கினு வரைஞ்சாரோ!" அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, அந்த டிசைனர் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

இப்போது நம்ப முடிகிறதா? எனக்கு முடிகிறது.

4

அடுத்து கலியாணசுந்தரத்தின் 'மாட்டேன்'. இதற்கு மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். முழங்கால் வலி [அடித்தாயிற்று]. ஃபைசலோடு பழைய சண்டை [அடித்தாயிற்று, ஃபைசலோடு யாரும் சண்டை போட முடியாது]. மூன்றாவதுதான் ஒட்டியது.

ஃபைசல் கடையில் மவுஸை வாங்கியவர் நேராக வரவில்லை. சாப்பிட வீட்டுக்குப் போனார். வெள்ளிக்கிழமை, தொழிலுக்கு ஒரு புதுச் சாமான். அவர் கை தானாகச் சந்தனக் கிண்ணத்துக்குப் போயிற்று. தறியில் குறுக்கு இழையைக் கொண்டு ஓடுகிற நாடா இருக்கிறதே, புதிதாக வந்தால் அதன் இரண்டு முனையிலும் பொட்டு வைப்பார். இதற்கு முனை ஒன்றுதான் இருந்தது: வயரின் கோடி, கம்ப்யூட்டரில் சொருகுகிற வாய். அதில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் காட்டி எடுத்தார்.

செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. மவுஸ் அவருடையது இல்லையே! அந்தப் பெண் தொழுகிற பெண். கேட்காமல் அவள் சாமானுக்குப் பூசை போட்டது தெரிந்தால் மனசில் என்ன நினைக்கும்? துண்டின் முனையைத் திருகி உள்ளே விட்டு அழுத்தித் துடைத்தார். வெளியே பளிச்சென்று ஆயிற்று. சந்தனம் முழுக்க உள்ளே போயிற்று.

(இது நல்லிணக்கக் கதையாகப் போகிறதோ என்று பயப்படாதீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.)

5

ஒன்றே முக்கால். நஸ்னீன் மவுஸைச் சொருகுகிறாள். டிங் என்று ஒரு சத்தம் வர வேண்டும், வரவில்லை. ஜும்மா தொழுகை முடிந்து ஃபைசல் கடையைத் திறக்கக் காத்திருந்து போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கழட்டித் திருப்பிச் சொருகுங்க ஆபா."

"நாலு வாட்டி ஆச்சுப்பா. எல்லா ஓட்டையிலயும் போட்டுட்டேன். அடியில லைட்டே எரியல. பென்டிரைவ் போட்டா மட்டும் எடுக்குது."

"அப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க."

திரையில் இப்போது தெரிவது பெரிதாக்கிய வெறும் கட்டங்கள். முப்பத்தைந்து வருஷம் நெய்த கண்ணுக்கும் அது கட்டம்தான். அணைத்துத் திறந்தால், கடைசி டிசைனைத் தானே எடுத்து முழு மயிலாக விரித்துக் காட்டும்படி அவளே வைத்திருந்தாள். கலியாணசுந்தரம் திரைக்கு எதிரில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரீஸ்டார்ட் பண்ணா கம்ப்யூட்டருக்கு நல்லதில்ல" என்றாள்.

ஃபைசல் கேட்டான், "யாரு சொன்னது?"

"படிச்சேன்."

"சரி விடுங்க. மாமா, நீங்க மவுஸ எடுத்துக்கினு வந்துடுங்க. பத்து நிமிஷம். வேற தரேன்."

"வெயிலா இருக்குதுப்பா" என்றார் கலியாணசுந்தரம். உச்சி வேளையில் செவிலிமேட்டுக்கு சைக்கிளில் போய்வருகிற மனிதர்.

"அப்ப சொருகுற வாயில எதுனா பட்டுச்சா மாமா? தூசி, தண்ணி?"

"எங்க வூட்ல தூசியே கெடையாதுப்பா!"

ஃபைசல் போனை வைத்துவிட்டான். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

"அப்படியே அனுப்பிடேம்மா" என்றார் கலியாணசுந்தரம். "காலையிலயே முடிஞ்சுதுன்னியே."

"சின்ன ஃபினிஷிங் பாக்கி மாமா."

"என்னா ஃபினிஷிங்?"

"சொன்னா புரியாது மாமா."

"எனக்கா புரியாது?" என்று திரைப் பக்கம் சாய்ந்தார். அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திரைக்கு முன்னால் வைத்தாள். மணி இரண்டு இருபது.

6

இனி ஒரு மின்வெட்டு தேவைப்படுகிறது. கதை எழுதுகிறவனுக்கு மின்வாரியத்தில் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. இரண்டரைக்குக் கரண்ட் போயிற்று. அந்தச் சாக்கில் நஸ்னீன் மவுஸைப் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் வாயைப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம்.

அதே நேரத்தில் கரண்ட் வந்தது. உதவி செய்யும் ஆர்வத்தில் கலியாணசுந்தரமே கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினார். திரையில் மயில் விரிந்தது.

இங்கே நின்றுகொண்டிருக்கிறேன், மூன்று நாளாக. என்னிடம் இருக்கும் முடிவுகள்:

(அ) அவர் முந்திக்கொள்கிறார். "கை பழக்கம்மா, வச்சிட்டேன். தப்பா எடுத்துக்காத." அவள் சிரிக்கிறாள். "நானும் பிஸ்மில்லா சொல்லித்தான் மாமா சொருகினேன்." மலர்ந்த முகங்கள். ஏதாவது பண்டிகை மலரில் கட்டாயம் போடுவார்கள். ஆனால் மூன்றாவது கால் அங்கேயேதானே நிற்கிறது?

(ஆ) அவள் முந்திக்கொள்கிறாள். "மாமா, மயிலுக்கு மூணு கால்." அவர், "பாத்தேன்" என்கிறார். அதற்குமேல் அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எழுத வரவில்லை. அலகில்லாத அன்னம் நடுவில் வந்து நின்றுகொள்கிறது.

(இ) யாரும் பேசவில்லை. அவள் ஊக்கை எடுத்து, எதுவும் கேட்காமல், மஞ்சளைக் குத்தி வெளியே எடுக்கிறாள். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய், தெருவில் ஏதோ பெரிய அதிசயம் போகிற மாதிரி, முதுகைக் காட்டி நிற்கிறார். வெட்கத்தாலா, அவளுக்கு நேரம் கொடுக்கவா? மவுஸின் அடியில் விளக்கு எரிகிறது. மணி இரண்டு ஐம்பது. அவர் எவ்வளவு நேரம் திரும்பாமல் நிற்பார் என்பது அவளுக்குத் தெரியாது.

7

எழுதியதை எடுத்துக்கொண்டு நஸ்னீனிடம் போனேன். பெயர் போடலாமா என்று கேட்க. மூன்றாம் பகுதிவரை சிரித்துக்கொண்டே படித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இத யாரு சொன்னது உங்களுக்கு?"

"நானே யோசிச்சதும்மா."

"நீங்களேவா?" நம்பவில்லை. மேற்கொண்டு படிக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "பேரு போட்டுக்கோங்க சார். கடைசில என்ன ஆச்சுன்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

நேராகக் கலியாணசுந்தரத்தின் வீட்டுக்குப் போய், தறியில் இருந்தவரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "மவுஸுக்குச் சந்தனம் வச்சீங்களா?"

தறி நின்றது. "அந்தப் பொண்ணு கேட்டுக்கினு வரச் சொல்லிச்சா?" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப சரி" என்று மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார்.

ஆக, (அ)வும் (ஆ)வும் போயிற்று. மிஞ்சியது அந்த ஜன்னலும், அவர் முதுகும், பத்து நிமிஷமும். இரண்டு பேரும் இன்றுவரை ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. இரண்டையும் தெரிந்துவைத்திருக்கும் நான் எதையும் சொல்கிற இடத்தில் இல்லை.

சேலை கல்யாணத்துக்குப் போய்விட்டது. எந்த ஊர் என்று தெரியாது. அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் பார்டர், அதில் மயில் வரிசை. அடுத்த முகூர்த்தத்தில் உங்கள் எதிரிலேயே மேடையில் நிற்கலாம். வாழ்த்திவிட்டு, கீழே எதையோ தவறவிட்டவர்போலக் குனிந்து மயிலின் கால்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு என்றால், அவர் போதுமான நேரம் தெருவைப் பார்த்திருக்கிறார். மூன்று என்றால், அவர் முன்னாலேயே திரும்பிவிட்டார்; ஒருவரை ஒருவர் சங்கடப்படுத்தக் கூடாது என்று இருவரும் கடைசிவரை மரியாதையாக இருந்துவிட்டார்கள்.

குனிந்தவர் நிமிர நேரமானால் மணப்பெண் கேட்பாள், "என்னங்க அப்படிப் பாக்குறீங்க?" அவளுக்கு அது ஒரே ஒரு நாள் சேலை. என்ன பதில் சொல்வீர்கள்?