தொண்ணூற்றிரண்டு கஜம்

1.

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் கிருபாராணி. நானாகத் தேடிப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் துக்கத்தில் கதை பொறுக்குகிறவன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. (இதற்கு முன் பொறுக்கியிருக்கிறேன். அதை இன்னொரு நாள் ஒப்புக்கொள்கிறேன்.)

டெக்ஸாஸின் ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருக்கிறார்கள். அவருடைய கணவன் ஜீவரத்தினம் நாசரேத்துக்காரன், என் நண்பன். பதினெட்டு வருடமாக ஒரே டெலிகாம் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவர்களுக்கு ஒரே மகள், ஜோவானா. போன வருடம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம், புது ஷூ காலைக் கடிக்கிறது என்று மாற்றிவரக் கடைக்குப் போனாள். அந்த வளாகத்தின் பார்க்கிங் மேல்தளத்திலிருந்து ஒருவன் பதினேழு முறை சுட்டான். மூன்று பேருக்குக் காயம். ஜோவானா இறந்துபோனாள். பத்தொன்பது வயது. சுட்டவனும் அங்கேயே செத்துவிட்டதால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

போன மாதம் நானும் ஜீவாவும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்வந்தோம். அடுத்த வாரம் கிருபாராணி வந்தார்.

“அண்ணே, நீங்க கதை எழுதுறவங்கதான. அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. அவங்க வாயே தொறக்க மாட்டேங்காங்க.”

“நேர்லயே சொல்றேனே, ராணி.”

“நேர்ல சொன்னா நான் நடுவுல எந்திரிச்சுப் போயிருவேன். எழுதுனா கடைசி வரைக்கும் படிப்பேன்.”

2.

முதல் தொடக்கம்: ‘அமெரிக்காவில் துப்பாக்கி என்பது வெறும்’— (இது கட்டுரை. ராணி கட்டுரை கேட்கவில்லை.)

இரண்டாவது: ‘டெக்ஸாஸின் காலை வெயில் அந்தப் புல்வெளியைத் தன்’— (வெயிலுக்கு இங்கே என்ன வேலை?)

மூன்றாவது: ‘ஜோவானா சிரித்தால்’—

மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டு நான்கு நாள் எழுதவில்லை. பிறகு நடந்ததை நடந்த இடத்திலிருந்தே தொடங்கினேன். ஆபீஸ் பிரேக் ரூம். ஜீவா டீ பையைக் கோப்பையில் முக்கி முக்கி எடுத்தபடி கேட்டான்:

“ஜம்பு, சாட்டர்டே ஃப்ரீயா? ஒரு டெஸ்ட் பண்ணணும். ஒரு ரைபிளோட அக்யூரஸி.”

3.

இந்த இடத்தில் நீங்கள் ஜீவாவை நம்பமாட்டீர்கள். நானே நம்பவில்லை. மகளைக் கொன்ற துப்பாக்கியின் ரகத்தை ஒரு அப்பன் கையில் எடுப்பானா? கதாபாத்திரமாக இருந்தால் திருத்தியிருப்பேன். அவன் கதாபாத்திரமில்லை. டெஸ்ட் இன்ஜினியர்.

போலீஸ் அறிக்கை வந்திருந்தது. அதில் ஒரு வரி: ‘இறந்தவரைத் தனிப்பட்ட முறையில் குறிவைத்ததாகத் தெரியவில்லை.’ அந்த வரியைப் படித்த பிறகுதான் ராணி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். “எம்புள்ளைய யாரும் வெறுத்துச் சுடல” என்று ஷ்யாமளாவிடம் (என் மனைவி) திரும்பத் திரும்பச் சொன்னார். அதே வரிதான் ஜீவாவைப் பிடித்துக்கொண்டது.

“தெரியவில்லைன்னா என்ன அர்த்தம்? டெஸ்ட் பண்ணாம எப்படி ரிப்போர்ட்ல எழுதுவாங்க? பார்க்கிங்லருந்து அவ வரைக்கும் நைன்ட்டி டூ யார்ட்ஸ். ஸ்கோப் வச்ச ரைபிள். அது எவ்வளவு தப்பும்னு தெரிஞ்சா, தப்பி வந்துச்சா பாத்து வந்துச்சான்னு தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சு என்ன பண்ணப் போற, ஜீவா?”

“ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா தெரியணும்.”*

* முதல் பிரதியில் இதற்குப் பின் ‘அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்’ என்று அவனைச் சொல்லவைத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.

4.

ஊரைத் தாண்டிக் கிழக்கே ஒரு மணி நேர டிரைவ். அங்கே அதே ரகத்து அரைத்தானியங்கி ரைபிளை வாடகைக்குத் தருகிறார்கள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா போகும். அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும். பொறுப்பாளராக வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள்.

“வீட்டுப் பாதுகாப்புக்கா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“இல்லை. எவ்வளவு துல்லியமாகச் சுடும் என்று பார்க்க வேண்டும்.”

“நல்ல பழக்கம்” என்றாள்.

(முதல் பிரதியில் இவளைக் கடுகடுப்பானவளாக எழுதியிருந்தேன். எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. உண்மையில் அவள் மிகவும் அன்பாக இருந்தாள். ரைபிளின் கட்டையைத் தோளில் எப்படிப் பதிக்க வேண்டும் என்று காட்டினாள். ஜீவாவின் முதுகில் கைவைத்து, மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். அவன் விட்டான்.)

இலக்குப் பலகை நூறு கஜத்தில் இருந்தது. “எட்டு யார்டுக்குக் கணக்குல கழிச்சுக்கலாம்” என்றான். ரைபிளை மணல் மூட்டைமேல் வைத்து, உட்கார்ந்து, ஐந்து ஐந்தாக மூன்று முறை சுட்டான். ஒவ்வொரு ஐந்துக்கும் பிறகு சிவப்பு விளக்கு எரியும். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். நான் நடந்து போய்த் தாளைக் கழற்றிவருவேன். ஆபீஸ் லேபிலிருந்து கொண்டுவந்த அளவுகோலால், மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு நடுவே அளந்து நோட்டில் எழுதுவான். 2.3 அங்குலம். 2.1. 2.6.

வாழ்க்கையில் முதல் தடவை துப்பாக்கி தொட்டவன் சுட்ட ஐந்து தோட்டாக்கள், நூறு கஜத்துக்கு அப்பால், ஒரு சாத்துக்குடிக்குள் அடங்கிவிட்டன.

“ரைபிள் தப்பல, ஜம்பு” என்றான். வேலையில் ஒரு சர்க்யூட் போர்டு தேறிவிட்டால் சொல்வானே, அதே குரல்.

5.

(இந்தப் பகுதியை எழுதிவிட்டு மூன்று முறை அழித்தேன்.)

நாலாவது தாளை ஒட்ட நான் நடந்து போனேன். அவன் பெஞ்சுக்குப் பின்னால் நின்று, பையிலிருந்து ஒரு சின்னத் தொலைநோக்கியை எடுத்திருக்கிறான். சுட்டவனின் ஸ்கோப் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுமோ, தேடிப்பிடித்து அதே அளவில் வாங்கியது. எனக்கு அது தெரியாது. தாளை ஒட்டினேன். காற்றுக்கு ஒரு மூலை பிய்ந்தது, மறுபடி ஒட்டினேன். திரும்பி வந்தேன்.

“சட்டைல பட்டன் மாத்திப் போட்டிருக்க” என்றான்.

குனிந்து பார்த்தேன். சட்டையின் ஒரு பக்கம் கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நானே கவனிக்கவில்லை.

“இங்கருந்தா பாத்த?”

அவன் தொலைநோக்கியை மூடிப் பையில் வைத்தான். நான் பட்டனைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

பிறகு, “அவன் நின்னுட்டுத்தான் சுட்டான்” என்றான். பச்சை விளக்கு வந்ததும் மணல் மூட்டை இல்லாமல் நின்றபடி ரைபிளைத் தோளில் வைத்தான். ஐந்து சுட வேண்டும். மூன்றுதான் சுட்டான். ரைபிளைப் பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு கையையும் ஊன்றி நின்றான். மூன்றில் ஒன்றுதான் தாளில் பட்டிருந்தது, அதுவும் ஓரத்தில்.

காரில் வரும்போது ஃப்ரீவேயில் ஏறிய பிறகுதான் பேசினான். “மெஷினை டெஸ்ட் பண்ணிட்டேன். அவன் கைய டெஸ்ட் பண்ண முடியாது. அவளப் பாத்திருக்க முடியும். அவ்வளவுதான் எழுதலாம்.”

“ராணிகிட்ட?”

“ஒண்ணும் சொல்லாத.”

6.

முடிவுகள் மூன்று எழுதிவைத்தேன்.

அ) தோட்டாக்கள் தாள் முழுக்கச் சிதறுகின்றன. ரைபிளை நம்ப முடியாது. ஜோவானா மேல் பட்டது வழிதப்பி வந்தது. ஜீவா நோட்டை மூடுகிறான்.

ஆ) எல்லாம் ஒரே துளையில். ஜீவா நோட்டை மூடுகிறான்.

இ) ரைபிளைத் தொட்டதும் ஜீவா கையை எடுத்துக்கொள்கிறான். சுடாமலே திரும்புகிறோம்.

ஷ்யாமளாவிடம் படித்துக் காட்டினேன். “மூணாவதுதான் நன்னா இருக்கு. ஆனா மூணுமே பொய்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நடந்ததையே குடுங்கோ. அந்த அஞ்சாவதை மட்டும் எடுத்துடுங்கோ. அவன் அவளைப் பாத்திருப்பான்ங்கறது அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

எடுத்துவிட்டு ஒரு பிரதி அச்சடித்தேன். ராணிக்கு அது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது மற்றது.

7.

இன்று மதியம், சர்ச் முடிந்து நேராக வந்தார். தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். 2.3, 2.1 என்ற எண்கள் வந்த பக்கத்தில் விரல் நின்றது. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனார். திரும்ப முன்னால் வந்தார். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

“எதுவும் விட்டுட்டேனா, ராணி?” என்று கேட்டேன். பயத்தோடுதான் கேட்டேன்.

“அண்ணே, நான் துப்பாக்கியப் பத்திக் கேக்கல.” தாள்களை என்னிடமே நீட்டினார். “அவன் பாத்துச் சுட்டானோ பாக்காமச் சுட்டானோ, அது கர்த்தருக்கும் அவனுக்கும். புள்ள போனதுலருந்து அவங்க ஒரு சொட்டு அழல. அடக்கத்துல கூட அழல. என் முன்னாடிதான் அழமாட்டேங்காங்களோ, வேற எங்கயாச்சும் அழுதிருப்பாங்களோன்னு பாத்தேன். அங்க வச்சு அழுதாங்களா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்.”

ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குவரை எழுதியிருக்கிறேன். இது அதில் இல்லை.

மூன்று தோட்டாவுக்குப் பிறகு அவன் கையூன்றி நின்றபோது, ஆறடி பின்னால்தான் இருந்தேன். தோள் குலுங்கியது. சுடும்போது குலுங்கியதா, சுட்டு முடித்த பின்னும் குலுங்கியதா? அவன் முகம் அந்தப் பக்கம். காதில் சத்தம் தடுக்கும் கவசம் மாட்டியிருந்தேன், எதுவும் கேட்கவில்லை. அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அவனைப் பார்க்கவில்லை. எத்தனை பட்டது என்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு நிமிஷம் உக்காருங்க, ராணி. ஒரு பக்கம் விட்டுப்போச்சு” என்று சொல்லிவிட்டு இந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்தியிருக்கிறேன். வெளியே ஷ்யாமளா அவருக்குக் காபி கொடுக்கிற சத்தம் கேட்கிறது.

அழுதான் என்று எழுதினால் அவர் அதை நம்பி வீட்டுக்குப் போவார். ஒருவேளை இன்றைக்கு அவன் பக்கத்தில் போய் உட்காருவார். தெரியாது என்று எழுதினால் அதுவும் போலீஸ் அறிக்கையிலிருந்தே அவருக்குக் கொஞ்சம் பழகிய வார்த்தைதான். இரண்டையும் என்னால் எழுத முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில் நின்றிருந்தால் அவனைப் பார்த்திருப்பீர்களா? பார்த்திருப்பீர்கள் என்றால் இதை நீங்கள் எழுதுங்கள்:

‘மூன்றாவது தோட்டா போனதும் ஜீவா ரைபிளைப் பெஞ்சில் வைத்தான். இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். பிறகு’—