பட்டன் படுத்த இடம்

பால் வாங்கிக்கொண்டு வந்தவள் வாசல் கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். நாலடி வந்து, திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தாள். படியேறியவள் பால் பாக்கெட்டைப் படியிலேயே வைத்துவிட்டு மறுபடியும் போனாள். முன்னறையில் மோட்டார் மெஷின் முன்னால் ஒரு சட்டைக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தையல்காரர் ஜன்னல் வழியே மனைவியைப் பார்த்தார். பத்தொன்பது நாளாகப் பார்க்கிறார். காபந்து செய்ய உள்ளே ஒரு ஜீவனும் இல்லை என்று ஆன பிறகும் அந்தக் கொக்கிக்கு ஓய்வில்லை.

பட்டன் போனது ஒரு வியாழக்கிழமை. அவசரத்தில் கொக்கியை மாட்டாமல் அவள் பாலுக்குப் போய்த் திரும்புவதற்குள், நாய் தெருமுனையில் ஒரு வேனுக்கு முன்னால் கிடந்தது. "என் கையாலயே கொன்னுட்டேங்க" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இளைத்துக்கொண்டே போனாள். பின்னறை மூலையில் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் யாரையும் தொட விடாமல் தினமும் கழுவி நிரப்பி வைத்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கிய குட்டி அது. வந்த அன்றைக்கே ஒருவருடைய கோட்டுப் பட்டனை முழுங்கிவிட்டது. அதே மாதிரி ஒன்று எங்கும் அகப்படாமல், மீதி ஐந்தையும் பிடுங்கிவிட்டு வேறு செட் தைக்க வேண்டியதாயிற்று. "நல்லவேளை, ஊசிய முழுங்கல. கூப்பிடறப்பல்லாம் நமக்கில்ல வாய்ல குத்தும்" என்று அவள் சிரித்துப் பேர் வைத்தாள்.

பின்னறையில் கால்மெஷினின் மிதிக்கு ஒரு சாண் தள்ளி, தாடையைத் தரையில் பதித்துப் படுத்திருக்கும். தையல்காரருக்குக் கோபம் மூக்குமேல். அளவு கொடுத்த பிறகு வயிற்றை வளர்த்துக்கொண்டு வந்து தையல் பிடிக்கிறது என்று சண்டைக்கு நிற்பவர்களிடம் வாயைத் திறக்க முடியாது. அந்த ஆத்திரமெல்லாம் காலில் இறங்கி மிதி தடதடக்கும். பட்டன் தலையைத் தூக்கிப் பார்க்கும். குரைக்காது, நகராது, பார்க்கும். அவர் காலைத் தளர்த்தினால்தான் தலையைக் கீழே வைக்கும். அவர் தையல் நூல் பிடித்தாற்போல இருக்கும் என்று தெருவே சொன்னது. அந்த நிதானத்தில் பாதி யாருடையது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

மூட்டு தேய்ந்துவிட்டது, இனி மிதிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகுதான் ஒரு திங்கட்கிழமை மோட்டார் மெஷின் வந்து இறங்கியது. பிளக் வசதி முன்னறையில் இருந்ததால் அங்கேயே போட்டார்கள். மெஷின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர். பக்கத்தில் குழந்தை தூங்கினாலும் முழிக்காது என்று விற்றவர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பட்டனுக்குப் புத்தி பிசகியதுபோல் ஆயிற்று. அது படுக்கும் சாக்கை முன்னறையில் விரித்து, அதைத் தூக்கிவந்து போட்டாலும் பழைய மெஷினுக்கு அடியிலேயே போய்ப் படுத்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, பூ விழுந்த கண்ணோடு சுவரை முட்டிக்கொண்டு அலைந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. புதன்கிழமை அவர் பொறுமை இழந்து, கையிலிருந்த ஸ்கேலால் முதுகில் ஒன்று வைத்தார். "காதுல விழாத மாதிரி என்ன நடிப்பு உனக்கு?" அது ஸ்கேல் பிடித்த கையை மோந்து பார்த்து, வாலை ஆட்டி, நக்கியது.

மறுநாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எவ்வளவு ஹாரன் அடித்தும் நாய் அசையவில்லை என்று வேன்காரர் அழாக்குறையாகச் சொன்னார். அவள் வெளியே பெஞ்சில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால்நடை டாக்டர் டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தார். "இதுக்குக் காது போயி ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சுது?"

எப்படி என்று தையல்காரருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தாடை வழியாக. மிதி ஆடினால் தரை அதிரும், அவர் இருக்கிறார். நின்றால் இல்லை. மூன்று நாளாகத் தரை அசையவே இல்லை. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை திறந்தே கிடந்த கேட்டைத் தாண்டாத நாய், அன்றைக்குத் தெருவில் இறங்கியது அவரைத் தேடித்தான்.

இதை அவளிடம் சொல்லப் போகும்போதெல்லாம் வேறு எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். சொல்லிவிட்டால் பாரம் அவள் தலையிலிருந்து இறங்கும். இறங்கி வேறு எங்கே போகும்?

கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். படியிலிருந்த பாலைக் காலால் இடறினாள். பாக்கெட் உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்காமல் மறுபடியும் கேட்டைப் பார்த்து நடந்தாள்.

தையல்காரர் எழுந்தார். பின்னறைக்குப் போய்ப் பழைய மெஷின்மேல் குவித்திருந்த வெட்டுத்துணிகளைத் தள்ளினார். கழற்றி வைத்திருந்த பெல்ட்டைச் சக்கரத்தில் ஏற்றினார். அவளைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து உக்காரு. தரையில கைய வை."

"என்னங்க இது? டாக்டர் மிதிக்கக் கூடாதுன்னாரு."

"வையேன்."

பட்டனின் முடி இன்னும் ஒட்டிக்கிடந்த இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பதித்தாள். அவர் நூலும் துணியும் இல்லாமல் மிதித்தார்.

"அதிருதா?"

"அதிருது."

"நான் இங்க இருக்கேன்னு அதுக்கு இப்படித்தான் தெரியும். காது போயிடுச்சு அதுக்கு. நான் மிதிக்கறத நிறுத்திட்டேன். என்னைத் தேடிக்கிட்டுத்தான் போயிருக்கு. உன் கொக்கியால இல்ல."

அவள் தரையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தாள்.

"காது போச்சுன்னு யாரு சொன்னா?"

"டாக்டரு."

"எப்போ?"

"அன்னிக்கே."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. அவருடைய முழங்கால் தீயாக எரிந்தது. ஆனாலும் நிறுத்தத் தைரியம் வராமல் ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தார். மூலையில், காலையில் அவள் நிரப்பி வைத்த கிண்ணத்துத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கி விளிம்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.