ஆறரை மணிப் பட்டியல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. பொய் சொன்னவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1986இல் மாட்டுங்காவில் சிற்றலை வானொலி கேட்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். வெளிநாட்டு நிலையம் ஒன்றைப் பிடித்து, என்ன கேட்டோம், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அறிக்கை எழுதிப் போட்டால், அவர்கள் சரிபார்த்து வண்ண அட்டை ஒன்று அனுப்புவார்கள். அட்டை சேர்ப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு. தென்னமெரிக்க நிலையம் ஒன்றை நான் கேட்கவே இல்லை. அதன் நிகழ்ச்சி நிரலை ஓர் இதழில் பார்த்து, கேட்டதாக எழுதி அனுப்பினேன். அட்டை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அது எல்லோர் கையிலும் சுற்றிக் கடைசியில் அப்துல் வாஹிதிடம் போனது. தாராவியில் ரெக்ஸின் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர். அதிகம் பேசமாட்டார். என் அறிக்கையின் நகலையும் வாங்கி முழுக்கப் படித்தார்.

"எங்கயுமே விட்டுப்போவலியே சார்?"

"நல்ல சிக்னல்" என்றேன்.

"அப்படியா. எனக்கு மெட்ராஸே இவ்வளவு நல்லாக் கேக்காது."

அட்டையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவராகவே ஒரு சம்பவத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். மீதியை அவரைத் தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். அவரிடம் கேட்கும் முகம் எனக்கு இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "வளைகுடாக் கடல் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில்"

[அடித்துவிட்டேன். எரிந்ததை நான் பார்க்கவில்லை. வாஹிதும் பார்க்கவில்லை.]

இரண்டாவது: "தகரக் கூரையின் கீழ் ஒரு மனிதர் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெஞ்சில்"

[நெஞ்சில் என்ன? அவர் சொல்லவில்லை. பேனா அங்கேயே நின்றது. அரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

மூன்றாவது: "வாஹிதின் தங்கை கணவன் ஹமீது ஓர் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தான்."

இது இருக்கட்டும்.

3

வாஹிதின் தங்கை கணவன் ஹமீது ஓர் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தான். ஈரானும் ஈராக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த வளைகுடாவுக்குள்தான் அந்தக் கப்பல் போய்வரும். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வந்துவிடும். 1987 ஜூலையில், ஒன்றரை மாதமாக ஒன்றும் வரவில்லை. ஒரு கப்பலில் குண்டு விழுந்ததாகப் பத்திரிகையில் நாலு வரி வந்தது, கப்பலின் பெயர் போடாமல். கோட்டைப் பக்கம் இருந்த ஏஜெண்டு ஆபீஸில், "கபர் நஹி ஹை. ஆயேகா தோ போலேங்கே" என்றார்கள். தகவல் இல்லை, வந்தால் சொல்கிறோம் என்று மூன்று தடவை போனதற்கும் அதே வாக்கியம்.

செம்பூரில் இருந்த தங்கை ஹபீபா பெட்டியைத் தூக்கிக்கொண்டு காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். கீழே பட்டறை, மேலே வீடு.

வாஹித் தந்தி ஆபீஸுக்குப் போய்க் கப்பலுக்கு ஒரு தந்தி கொடுத்தார்: 'நலமா, உடனே பதில் போடவும்.' நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்குத் தந்தி சேர்வது இப்படி: கரையில் உள்ள வானொலி நிலையம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். எந்தெந்தக் கப்பலுக்குச் சேதி கிடக்கிறதோ, அவற்றின் அடையாள எழுத்துகளைக் குறித்த நேரங்களில் மோர்ஸ் தந்திக் குறியீட்டில் வரிசையாக அனுப்பும். ஒரு கப்பலுக்கு நாலு எழுத்து. தன் எழுத்தைக் கேட்ட கப்பல் நிலையத்தைக் கூப்பிட்டுச் சேதியை வாங்கிக்கொள்ளும். வாங்கியதும் அந்த நாலு எழுத்து பட்டியலிலிருந்து போய்விடும். ஏழு நாளாகியும் வாங்காவிட்டால், அப்போதும் போய்விடும். சேரவில்லை என்று அனுப்பியவருக்குத் தபாலில் கடிதம் வரும்.

மாலை ஆறரை மணிப் பட்டியல், பட்டறையில் இருந்த வாஹிதின் ரேடியோவில் கேட்கும்.

(குறிப்பு: சாதாரண ரேடியோவில் மோர்ஸ் வெறும் புஸ்புஸ்ஸென்றுதான் கேட்கும். பக்கத்தில் இன்னொரு டிரான்சிஸ்டரை வைத்து அதன் முள்ளை மெல்ல நகர்த்தினால், இரண்டும் மோதிக்கொண்டு விசில் சத்தம் வரும். இதை அவர் தானாகவே கண்டுபிடித்தார். புள்ளியைக் குறில் என்றும் கோட்டை நெடில் என்றும் எழுதிவைத்து மோர்ஸ் படித்தார். இப்படிக் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்று சட்டம். தங்கை வெளியா உள்ளா என்று சட்டத்தில் இல்லை.)

4

ஆறு மணிக்குத் தையல் மெஷின்கள் நிற்கும். ரெக்ஸின் வெட்டும் மாசானம் மட்டும் கொஞ்சம் பிந்திப் போவார்.

"மொதலாளி, இந்தக் கீச்சுக் கீச்ச விட்டுட்டு விவித் பாரதி வைங்க. பாட்டாவது கேக்கும்."

"நீ வீட்டப் பாத்துப் போடே."

"போறேன். தங்கச்சி, ஒங்க காக்கா எலியப் புடிச்சு ரேடியோக்குள்ள விட்டுருக்காவ, பாத்துக்கோ."

ஹபீபா சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றுதான் முதல் தடவை.

பட்டியல் மூன்று நிமிடம் ஓடியது. வாஹித் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இருந்துச்சா காக்கா?"

"இருந்துச்சு."

"அப்படின்னா?"

"சேதி அங்கேயே கெடக்கு. மச்சான் கப்பல் இன்னும் வந்து வாங்கல."

"ஏன் வாங்கல?"

"சண்டை நடக்குற எடத்துல கப்பல்காரன் வாயத் தொறக்க மாட்டான். சத்தம் காட்டாமப் போவான். வெளிய வந்த பொறவுதான் பேசுவான்."

"நெசமாவா, எனக்காவச் சொல்லுதியளா?"

"நெசம்."

நிஜம்தான். ஆறு மாலையும் அந்த நாலு எழுத்து பட்டியலில் இருந்தது. ஆறு மாலையும் அவள் கேட்டாள். ஆறு மாலையும் அவரால் உண்மையைச் சொல்ல முடிந்தது.

5

ஏழாவது மாலை.

பட்டியல் அகர வரிசையில் வரும். ஹமீதின் கப்பலுக்கு ஆங்கில 'எச்' எழுத்தில் தொடங்கும் அடையாளம். முதல் சுற்றில், எச் வரும் இடத்தில் அலை மங்கிவிட்டது. அந்த மங்கலுக்குள் நாலு எழுத்தும் இருந்தது போலவே வாஹிதுக்குக் கேட்டது. அவருக்குத் தன் காதைத் தெரியும். காத்திருக்கிற காது வராததையும் எழுதிக்கொள்ளும். பென்சிலை எடுக்கவில்லை. நிலையம் பட்டியலை இரண்டு முறை அனுப்பும். இரண்டாவது சுற்று சுத்தமாக வந்தது.

இல்லை.

கப்பல் வாங்கியிருக்கலாம். ஏழு நாள் முடிந்ததென்று நிலையமே நீக்கியிருக்கலாம். தந்தி கொடுத்த நாளும் கணக்கில் சேருமா என்று கவுண்டரில் கேட்டதற்கு, "ஆட் தஸ் தின் மே லெட்டர் ஆயேகா, ஜாவ்", எட்டுப் பத்து நாளில் கடிதம் வரும், போ என்றுதான் பதில் கிடைத்தது. எது நடந்தது என்று தெரிய ஒரு வாரம் ஆகும். எதிரே தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அவர் என்ன சொன்னாலும் நம்புவாள்.

இந்த இடத்தில்தான் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் வந்தது. இனி எல்லாம் என் பொறுப்பு.

முடிவு ஒன்று: "வாங்கிட்டாங்க" என்கிறார். அவள் அன்று வயிறாரச் சாப்பிடுகிறாள். ஒரு வாரத்தில் கடிதம்

முடிவு இரண்டு: "இருந்துச்சு" என்கிறார். நேற்றைய பதில்தானே. நாளைக்கும் அதையே சொல்லலாம். நாளை மறுநாளும்

முடிவு மூன்று: இரண்டையும் சொல்கிறார். வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம் என்று. அவருக்குப் பாரம் இறங்கும். அவளுக்கு?

முதல் முடிவையே எழுதி முடித்தேன். ஹபீபா அடுப்படிக்குப் போய் டீ போட்டாள், கதை முடிந்தது. எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

6

என் மனைவி ராஜலக்ஷ்மி அதைப் படித்தாள். அவள் என் கதைகளைப் பொதுவாகப் படிப்பதில்லை. காகிதங்கள் சாப்பாட்டு மேஜையில் இருந்ததால் நடந்தது.

"இந்தப் பொண்ணு யாரு?"

"வாஹிதோட தங்கை."

"ஆறு நாளா பக்கத்துலயே உட்கார்ந்துண்டிருக்காளே. அவளுக்குக் காது கெடையாதா?"

"மோர்ஸ் எல்லாம் கத்துக்கணும், ராஜி. எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு."

"உங்களுக்கு எல்லா எழுத்தும் வேணும். அவளுக்கு நாலுதானே வேணும்."

காகிதங்களை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தட்டைப் போட்டாள். நான் வெகுநேரம் சாப்பிடவில்லை. வாஹித் பொய் சொல்ல வசதியாக நான் ஹபீபாவைச் செவிடாக்கியிருந்தேன். எழுதும்போது அது எனக்குத் தெரியவே இல்லை.

7

ஆகவே மூன்றாவது மாலைக்குத் திரும்பிப் போய் இதைச் சேர்க்கிறேன்.

"அவிய எழுத்து எப்படி இருக்கும் காக்கா?" என்று ஹபீபா கேட்கிறாள். வாஹித் மேஜையில் விரலால் தட்டிக் காட்டுகிறார். நாலு குறில். மூன்று நெடில். பிறகு மற்ற இரண்டு எழுத்து. அவள் விரலைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் அரிசி புடைக்கும்போது முறத்தின் விளிம்பில் அவள் விரல் அதையே தட்டியது.

இப்போது ஏழாவது மாலை. வாஹித் ரேடியோவை அணைத்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் பென்சிலைச் சீவினார்.

"புள்ள, இன்னிக்கு..."

"சொல்லாதிய காக்கா. இல்ல. ரெண்டாந் தடவையும் இல்ல."

வாஹித் அவளைப் பார்த்தார்.

"வாங்கியிருப்பான்..."

"இருக்கும். ஏழு நாளும் ஆச்சுல்லா."

"ஏழு நாள்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நேத்து நானும் தந்தி ஆபீஸுக்குப் போனேன். அந்த ஆளு ஹிந்தில கத்துனான். நானும் ஹிந்திலயே கத்துனேன். பொறவுதான் சொன்னான்."

வெளியே யாரோ கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனைவரை போய் நின்றது.

"நாளைக்கு இன்னொரு தந்தி குடுங்க" என்றாள் ஹபீபா.

"இப்பத்தானே ஒண்ணு குடுத்தோம்."

"அவிய எழுத்து மறுபடி பட்டியல்ல ஏறட்டும். இன்னிக்கு வாங்குனது கப்பல்னா, அந்தக் கப்பலு வெளிய வந்துட்டுன்னு அர்த்தம். அடுத்ததையும் ரெண்டு மூணு நாள்ல வாங்கிரும். வாங்குனா எழுத்து எறங்கிரும். அப்ப ஏழு நாள் கணக்கு குறுக்க வராதுல்லா."

பன்னிரண்டு வருடமாக ரேடியோ கேட்கிறவருக்கு இது தோன்றவில்லை.

"என்ன எழுதணும்?"

"கேள்வி வேண்டாம். கேள்வி போட்டா பதிலு வரலியேன்னு உக்காந்திருக்கணும். சேதியாப் போடுங்க. கேஸ் கனெக்ஷன் வந்துட்டுன்னு போடுங்க."

"வந்துட்டா?"

"போன மாசமே லெட்டர் வந்துட்டு. எழுதிக் குடுத்து நாலு வருசம் கழிச்சு. அதச் சொல்ல ஆளில்ல."

(கேஸ் கனெக்ஷன் என் கற்பனை. அவள் குரல் ராஜலக்ஷ்மி கொடுத்தது.)

8

புதன்கிழமை காலையில் தந்தி கொடுத்தார்கள். வியாழன் மாலை அந்த நாலு எழுத்து பட்டியலில் இருந்தது. ஹபீபா தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் மாசானம் விடைபெற்றதே யாருக்கும் கேட்கவில்லை. ஸ்பீக்கரை நம்பிப் பயனில்லை. ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது. வாஹித் அதை மாட்டிக்கொண்டு நிலையத்தைப் பிடித்தார், சின்ன டிரான்சிஸ்டரின் முள்ளைத் தள்ளி விசிலைச் சரிசெய்தார். ஆறு இருபத்தெட்டு. ஹபீபா கையை நீட்டினாள். அவர் கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து நாற்காலியை அவளுக்கு விட்டார்.

அவருக்கு இப்போது மழை மட்டும்தான் கேட்கிறது. பட்டியல் தொடங்கிவிட்டதென்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததில் தெரிந்துகொண்டார். பென்சிலை அவள் தொடவில்லை. ஏ, பி, சி எல்லாம் யாருடைய கப்பல்களோ.

[அவள் முகத்தில் என்ன வந்தது என்று ஆறு தடவை எழுதினேன். ஆறையும் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றும் அவள் முகத்தைவிட என் ஆசையைப் போலவே இருந்தது.]

எச் வர இன்னும் அரை நிமிடமாவது ஆகும். நான் இங்கே எழுந்துகொள்கிறேன். நீங்கள் வாஹிதின் பக்கத்தில், ரெக்ஸின் சுருள்களுக்கு நடுவே நிற்கலாம். அங்கிருந்து அவள் முகம் நன்றாகத் தெரியும்.

அவளிடம் இப்போது எதுவும் கேட்காதீர்கள்.