முழு உரிமையும் திம்மப்பனுக்கே

ஓசூர் பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த திம்மப்பன், 1995ஆம் வருஷத் தொடக்கத்தில் தன்னை ‘மென்பொருள் விஞ்ஞானி’ என்று போர்டு எழுதி மாட்டிக்கொண்டார். அதுவரை ஊர் அவரை ஜெராக்ஸ்காரர் என்று அழைத்து வந்தது. மத்தூரில் இருந்த மாமனாரோ, பத்து ஏக்கர் தென்னந்தோப்பின் பலத்தில், ‘நம்ம ஜெராக்ஸ் மாப்பிள்ளை’ என்றே கல்யாண வீடுகளில் அறிமுகப்படுத்துவார். அந்தப் பட்டத்தை ஒழிப்பதற்காகத்தான் இந்தப் பட்டம்.

இதற்கு ஆதாரம், ‘சம்பளம்’ என்ற புரோகிராம். சுற்றுப்பக்கத்துச் சின்னப் பட்டறைகள் எல்லாம் அதை வைத்துத்தான் கூலி போட்டன. சில வருஷங்களுக்கு முன் அதை ஆரம்பித்து வைத்தபோது, “அறிவுங்கறது காத்து மாதிரிங்க, அதை யாரு நிறுத்து விக்கறது?” என்று வியாபாரிகள் கூட்டத்தில் மைக் பிடித்துக் கேட்டவர் திம்மப்பனே. ஷரத்தும் அவர் வைத்ததுதான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஆனால் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. பிளாப்பி வாங்க வந்தவர்கள் அப்படியே நாலு ஜெராக்ஸும் எடுத்துப் போனார்கள்.

ஆளாளுக்குச் சேர்த்தார்கள். திம்மப்பன் போட்ட முதல் கணக்கு ஞாயிற்றுக்கிழமையையும் வேலைநாளாக எண்ணியதால், கிருஷ்ணகிரியில் வேலை பார்த்த சரஸ்வதி அதை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பண்டிகை முன்பணம் யுகாதிக்கு வேண்டுமா, சித்திரைக்கு வேண்டுமா என்று ஆள் ஆளாகக் கேட்கும் பகுதியும் அவளுடையதே. ஜூஜுவாடிப் பட்டறை ஒன்றில் கணக்குப் பார்த்த கரியப்பன் பந்த் பகுதியை எழுதினான். பஸ் கர்நாடக எல்லையிலேயே நின்றுவிட, அத்திப்பள்ளியிலிருந்து ஜனங்கள் நடந்து வேலைக்கு வரும் நாட்களில், தாமதத்துக்குக் கூலியை வெட்டாமல் விடும் பகுதி அது. எழுதியவர்கள் அவரவர் பகுதிக்கு மேல் பேரைப் போட்டார்கள். தப்பு வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டாமா?

இந்த நிலையில்தான் ஒரு பெரிய கம்பெனியின் பர்சேஸ் ஆபீசர் வந்து விலை பேசினார்.

“முழு உரிமை உங்களுதுதானே? நாளைக்கு எவனாவது வந்து என்னுதுன்னு கேட் முன்னால நிக்கக் கூடாது.”

“முழுக்க என்னுது சார்.”

“வேற யாராவது எழுதியிருந்தா கையெழுத்து வாங்கிடுங்க. தரலைன்னா அவங்க பகுதிய எடுத்துட்டு மிச்சத்தக் குடுங்க.”

திம்மப்பன் ஜூஜுவாடிக்குப் போனார். கரியப்பன் டீ சொன்னான்.

“இனிமே அதுக்குப் பேரு ‘திம்மப்பா பே மாஸ்டர்’. காசு குடுத்தாத்தான் திறக்கும். உம்பேரையும் அடியில சின்னதாப் போட்டுடறேன் கரியப்பா.”

“பேரு கெடக்குதுண்ணா. பந்த் அன்னிக்கு நடந்தே வந்து செருப்பு பிஞ்ச ஜனத்துக்காக எழுதுனது. அதுக்குப் பூட்டுப் போட நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது அப்ப.”

“நான் எழுதுனதும் அப்பத்தாண்ணா.”

சரஸ்வதியும் மாட்டேன் என்றாள். திம்மப்பன் கோபமாகத் திரும்பி வந்து, சென்டரில் ஆபரேட்டராக இருந்த சாந்தம்மாவிடம், “கண்டவங்க பேரு இருக்கற பகுதியெல்லாம் எடுத்துடு. பழைய காப்பி ஒண்ணும் நம்மகிட்ட இருக்கக் கூடாது” என்றார்.

“எடுத்துடலாம் சார். ஆனா மிச்சம்...”

“மிச்சம் என்னுது! சொன்னதச் செய்யம்மா.”

அன்றிலிருந்து பந்தல், சால்வை, ஒலிபெருக்கி என்று அலைந்ததில் அந்த மிச்சத்தைப் பார்க்க விஞ்ஞானிக்கு நேரமில்லை.

வெளியீட்டு விழாவுக்கு மாமனார் வேனில் உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசையை நிரப்பினார். பக்கத்தில் பர்சேஸ் ஆபீசர். கரியப்பனும் சரஸ்வதியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள், அழைப்பிதழ் போயிருந்தது.

சாந்தம்மா பட்டனைத் தட்டினாள். திரையில் ‘வெல்கம்’ என்று வந்தது. அதன் கீழ் திம்மப்பனின் பேர், பீப் பீப் என்ற சத்தத்தோடு, நிறம் மாறி மாறி மின்னியது.

“பாருடா, மாப்பிள்ளை பேரு என்னமா மின்னுது!” என்றார் மாமனார். வேன் மொத்தமும் கை தட்டியது.

சாந்தம்மா திம்மப்பனைப் பார்த்தாள். தட்டு என்று சைகை காட்டினார். தட்டினாள். ‘தேங்க் யூ’ என்று வந்தது. பிறகு திரை கறுத்து, ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

முதலில் வரவேற்றதும், கடைசியில் நன்றி சொன்னதும்தான் திம்மப்பன் எழுதியவை. நடுவில் இருந்ததெல்லாம் கண்டவர்களுடையது.

யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. மேடையிலிருந்த சிறப்பு விருந்தினர், “இவ்வளவு வேகமா முடிச்சிடுதே!” என்று வியந்து சால்வையைப் போர்த்தினார். பந்தல் மறுபடி கை தட்டியது. கடைசி வரிசையும் தட்டியது. அந்தச் சத்தம் மட்டும் திம்மப்பனுக்குத் தனியாகக் கேட்டது.

பர்சேஸ் ஆபீசர் மேடையேறிக் கை குலுக்கினார். காதருகே குனிந்து, “சட்டப்படி ரொம்ப சுத்தம் சார். ஒருத்தனும் கேஸ் போட முடியாது. ஆனா இது சம்பளம் எப்படிப் போடும்?” என்றார்.

திம்மப்பன் மேடையை விட்டு இறங்கினார். பந்தலுக்குப் பின்னால் கரியப்பன் கேசரிபாத் தின்றுகொண்டிருந்தான். நாளைக்குச் சென்டரிலும் சம்பள நாள். பழைய காப்பியெல்லாம் அழிந்தாயிற்று.

“கரியப்பா... அந்தப் பழசு ஒண்ணு...”

கரியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துக் கொடுத்தான். “வச்சுக்குங்கண்ணா. ஷரத்து உங்களுக்குத் தெரியாததா?” அவன் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் திம்மப்பனால் நிமிர்ந்து பார்த்திருக்க முடியும்.

பின்னாலேயே வந்த பர்சேஸ் ஆபீசர் கேட்டார்: “இதுதான் நிஜமான சம்பளமா? எங்களுக்கு ஒண்ணு கெடைக்குமா? என்ன விலை?”

மாமனாரும் பாக்கு மென்றபடி வந்து நின்றார், மாப்பிள்ளை சொல்லப்போகும் தொகையைக் கேட்பதற்காக.

சால்வை கழுத்தை அறுத்தது. திம்மப்பன் கையிலிருந்த பிளாப்பியைப் பார்த்தார்.

“விலை இல்லீங்க” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “சென்டருக்கு வாங்க. காப்பி போட்டுத் தர்றேன்.”

மாமனார் பாக்கைத் துப்பினார்.

“அட, ஜெராக்ஸ்தானா!”